கைதட்டாத காகிதம்

அன்று அந்த வகுப்பறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்த தலைமையாசிரியை, அங்கே டீச்சர்களான எங்கள் வீட்டு மூத்த மருமகளும் இளைய மருமகளும், தண்ணீர்க் குடத்துடன் ஆயா, மூன்றாம் வகுப்பின் இரண்டு பிரிவுப் பிள்ளைகள். ஜன்னல் வழியே பார்த்ததாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஜன்னல் மூடியிருந்தது.

இடப்பக்கம் மூத்தவளின் பிரிவுப் பிள்ளைகள், கையில் காகிதம். வலப்பக்கம் இளையவளின் பிரிவுப் பிள்ளைகள், கையில் டேப்லெட். இரண்டிலும் அதே கணக்குகள். எந்தப் பக்கம் மதிப்பெண் குறைகிறதோ, அந்த முறை அடுத்த வருடம் கிடையாது. அந்த டீச்சரும் கிடையாது. பிரிவுகள் இரண்டும் ஒன்றாகின்றன. ஒருத்தி ரயிலேறித் தூரத்துக் கிளைப் பள்ளிக்குப் போக வேண்டும்.

ஒரே அடுப்படியில் புழங்கும் ஓரகத்திகள் அந்த வாரம் முழுக்க நேருக்கு நேர் பேசவில்லை. சண்டையும் போடவில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் முகம் திருப்பிக்கொண்டாலும் மரியாதையாகத்தான் திருப்பிக்கொள்வார்கள்.

பரீட்சை தொடங்கியதும் ஒரு டேப்லெட் படபடவென்று கைதட்டியது. விடை சரியென்றால் அது தட்டும். தவறென்றால் மறுபடி கேட்கும்.

காகிதப் பக்கத்தில் குண்டுமணி உதட்டைப் பிதுக்கினாள். "மிஸ், எனக்கு மட்டும் யாரும் கைதட்டல."

"நீ எழுதும்மா கண்ணு, அப்புறம் தட்டறேன்."

"அப்புறம்னா எப்ப?"

அவள் அழ, வரிசையே அழுதது. மூத்தவள் ஆயாவிடம் திரும்பினாள்.

"ஆயாம்மா, அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லுங்க."

"இதோ பக்கத்துலதானே நிக்கறாங்க? நீங்களே சொல்லுங்களேன்."

"நீங்க சொல்லுங்க."

ஆயா வாயைத் திறக்குமுன் இளையவள் சத்தத்தை நிறுத்திவிட்டாள். உடனே வலப்பக்கத்தில் சில்வண்டு என்ற பொடிசு அலறியது. "மிஸ், சத்தமே வரல! எல்லாம் தப்பா?"

இப்போது அந்த வரிசை அழுதது. வேறொருத்தியாக இருந்தால், எதிர்ப்பக்கம்தானே, அழட்டும் என்று விட்டிருப்பாள். மூத்தவள் விடவில்லை.

"ஆயாம்மா, சத்தத்தைத் திரும்ப வைக்கச் சொல்லுங்க. என் பிள்ளைங்களுக்கு நானே தட்டிக்கறேன்."

அப்படியே வரிசை வரிசையாக நடந்து தட்டினாள்.

"சரியா தப்பான்னு பாக்காமலே தட்டறீங்களே?" என்றார் தலைமையாசிரியை.

"போட்டதுக்குத் தட்டறேன் மேடம். சரியானதுக்குத்தான் மார்க் இருக்கே."

அதற்குள் வலப்பக்கத்தில் ஒருவன், கடன் வாங்கிக் கழிக்க இடமில்லாமல், பென்சிலால் திரையிலேயே கிறுக்கினான். இளையவள் பென்சில்களைப் பிடுங்கினாள். பேனா வைத்திருந்த ஒருத்தி முன்னால் இருந்தவனின் சட்டை முதுகில் கழித்துப் பார்த்தாள். அவன் துள்ளியதில் இரண்டு டேப்லெட்டுகள் கீழே விழுந்து இருண்டன.

"மிஸ், சார்ஜ் போச்சு!"

"எங்க பென்சிலுக்கும் சார்ஜ் போச்சு மிஸ்!" என்றது இடப்பக்கம். வரிசையாக எல்லாருடைய முனையும் உடைந்திருந்தது.

தலைமையாசிரியை தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "ரெண்டு பேருமாச் சேர்ந்து ஏதாவது பண்ணித் தொலைங்க!"

இளையவள்தான் முதலில் இறங்கி வந்தாள். "அக்கா, கிறுக்கிப் பாக்கக் கொஞ்சம் காகிதம் கிடைக்குமா?"

"பத்தாதேம்மா." மூத்தவள் ஒரு கணம் யோசித்தாள். "ஒண்ணு பண்ணு. உன் பிள்ளை ஒண்ணு, என் பிள்ளை ஒண்ணுன்னு ஜோடி ஜோடியா உக்கார வை. உன்னோடது என் காகிதத்து ஓரத்துல கிறுக்கட்டும். அந்தக் கைதட்டல் என்னோடதுக்கும் கேக்கட்டும்."

தன் வேலை போனாலும் போகட்டும், எதிராளியின் பிள்ளை இடமில்லாமல் தவிக்கக் கூடாது என்று நினைப்பதற்கு ஒரு வளர்ப்பு வேண்டும். அது எங்கள் வீட்டில் உண்டு.

குழாயை மூடியதுபோல் அழுகை நின்றது. இளையவள் பிடுங்கிய பென்சில்களை எல்லாருக்கும் பகிர்ந்து கொடுத்து, இருண்ட டேப்லெட்டுகளையும் உயிர்ப்பித்தாள். பிள்ளைகள் தலையோடு தலை சேர்த்துக் குனிந்தார்கள். அதன்பின் வகுப்பில் கைதட்டல் மட்டுமே கேட்டது.

தலைமையாசிரியை அங்கேயே உட்கார்ந்து திருத்தினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மறுபடியும் திருத்தினார். இடப்பக்கம் எல்லாருக்கும் முழு மதிப்பெண். வலப்பக்கமும் எல்லாருக்கும் முழு மதிப்பெண்.

ஆயா குடத்தை நிரப்பி வருவதற்குள் பள்ளி முழுக்க ஒரு பேச்சு பரவியிருந்தது: ஓரகத்திகள் இருவரும் வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டு வந்து நாடகம் ஆடினார்களாம். தலைமையாசிரியையின் கண்ணிலும் அதே கேள்வி.

"உண்மையைச் சொல்லுங்க. வீட்டுல பேசி வச்சுக்கிட்டீங்களா?"

மூத்தவள் முதுகை நிமிர்த்தினாள். "மார்க் திருடற பழக்கம் எங்க குடும்பத்துல இல்ல மேடம். சந்தேகம்னா நானே ரயிலேறறேன்."

"அக்கா எதுக்குப் போகணும்? நான் போறேன்."

"நீ சும்மா இரு."

"நீங்க சும்மா இருங்க அக்கா!"

சில்வண்டு பெஞ்சின்மேல் ஏறி நின்றது.

"மேடம், மிஸ்ஸுங்க ஒண்ணும் பேசி வைக்கல, நாங்கதான் பேசி வச்சோம். யார் தோத்தாலும் ஒரு மிஸ் போயிடுவாங்கல்ல? அதான் ரெண்டு பக்கமும் ஒரே மார்க் வாங்கணும்னு, எங்களைப் பக்கத்துல பக்கத்துல உக்கார வைக்கற வரைக்கும் விடாம அழுதோம்."