இறங்குமுன் ஓர் உரை

உலகில் விமானத்தைத் தரையிறக்கத் தெரிந்தவர்கள் பல்லாயிரம் பேர் இருக்கலாம். இறக்குவதற்கு முன்னால் அதைப் பற்றிப் பேசத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

மூடுபனியில் ஓடுபாதை தெரியாது. கருவிகளை நம்பித்தான் இறங்க வேண்டும். எந்த வழியாக வருகிறோம், எந்த உயரம் வரை இறங்கலாம், அங்கேயும் பாதை தெரியாவிட்டால் எந்தப் பக்கம் திரும்பி மேலேறுவது என்பதையெல்லாம் கேப்டன் முன்கூட்டியே துணை விமானியிடம் சொல்லிவிட வேண்டும். மற்ற கேப்டன்கள் முணுமுணுத்து முடித்துவிடுவார்கள். நான் 'உரை' நிகழ்த்துவேன். குளியலறையில் ஒத்திகை பார்ப்பேன். "இறங்கியாச்சா, இன்னும் பேச்சுதானா?" என்று மனைவி கதவைத் தட்டுவாள். சக விமானிகள் எனக்குச் 'சொற்கொண்டல்' என்று பட்டமே கொடுத்திருந்தார்கள். கொண்டல் என்றால் மேகம். மேகத்தைக் கண்டால் விமானிகள் ஒதுங்கிப் போவார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அன்று துணை விமானியாக வந்த பெண் அதிகம் பேசாதவர். கீழே ஒரே பனி. வரைபடத்தை விரித்து உரையைத் தொடங்கினேன். ஏற்ற இறக்கம், நிறுத்தம், நடுவே ஒரு கனைப்பு, எதிலும் குறையில்லை. "பாதை தெரியலைன்னா நேரா ஏறி, உடனே இடது பக்கம் திரும்புறோம். வலது பக்கம் மலை" என்ற இடத்தில் எனக்கே மெய்சிலிர்த்தது. சந்தேகம் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். ஒரு பாராட்டு வரும் என்று சற்றுக் காத்திருந்தேன். வரவில்லை.

குறித்த உயரம் வந்தது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளை மட்டுமே. விமானத்தை மேலே ஏற்றினேன். முதுகுக்குப் பின்னால் நூற்றுச் சொச்சம் பேர். இப்போது திரும்ப வேண்டும். எந்தப் பக்கம்? மெய்சிலிர்த்தது நினைவிருந்தது, பக்கம் நினைவில்லை. கை தானாக வலப்புறம் சாய்ந்தது.

"இடது, சார்."

குரலை அவர் உயர்த்தக்கூட இல்லை. விமானத்தை இடப்புறம் திருப்பினேன். பனி கலையும் வரை வட்டமடித்துவிட்டு மறுபடி வந்தோம். அம்முறை பேசியவரும் இறக்கியவரும் அவர்தான். பேசியது நாலே வரி.

ஊழியர் வேனில் ஏறி உட்கார்ந்தோம். ஆனாலும் மனசு கேட்கவில்லை. நடந்தது இருக்கட்டும், என் உரை எப்படி இருந்தது என்று விசாரித்தேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு சார். நீங்களும் கேட்டிருக்கலாம்."