லோகன் நின்ற இடம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கையிலிருக்கும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டால் இன்னும் நல்லது. ஒரு காற்பந்துக்காரரின் கதை சொல்லப் போகிறேன். ஆட்டம் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். ஆஃப்சைட் என்றால் என்னவென்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. இந்தக் கதைக்கு அது வேண்டியதும் இல்லை.

"இந்த லோகன் என்னதான் செய்றாரு, அண்ணே?"

புதுத் தலைவர் யுகேந்திரன் இப்படிக் கேட்டபோது சிவேந்திரனின் வாயில் பாதித் தோசை இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் வழக்கமான கடை, வழக்கமான மேசை. சிவேந்திரன் ரயில்வேயில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். கிள்ளான் ஒற்றுமைக் கழகத்துக்கு மேனேஜரும் அவர்தான், கோச்சும் அவர்தான். யுகேந்திரனோ பதினெட்டு லோரிக்குச் சொந்தக்காரர். ஆட்டக்காரர்களின் ஒப்பந்தத்தையெல்லாம் புதுப்பிக்கிற மாதம் அது.

தோசையை விழுங்கிவிட்டுச் சிவேந்திரன் சொன்னார்: "லோகன் லெஃப்ட் பேக், தலைவரே. பின்னால இடது பக்கத்துக்குக் காவல்."

"அது தெரியுது. என்ன செய்றாரு?"

"நிக்கிறான்."

"என் ஆபீஸ் தூணும்தான் நிக்குது."

சிவேந்திரன் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிக்கொண்டார்.

"நமக்கு கோல் அடிக்க ஆளில்ல, அண்ணே. ஸ்ரீ கெம்பாங்கான் டீம்ல ஒரு ஸ்ட்ரைக்கர் இருக்கான். டீம்ல இருக்கிறது ஒரே இடம். லோகனா, அவனான்னு முடிவு பண்ணணும். மூணு வாரம் தரேன். லோகனோட மதிப்பு என்னன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. தாள் காலியா இருந்தா அவன் வரான்."

சிவேந்திரன் தோசைத் தட்டைத் தள்ளி வைத்தார். போன வாரம்தான் கோயில் வாசலில் லோகனையும் அவன் மனைவி ரமணியையும் பார்த்து, "உன் ஒப்பந்தம் என் பொறுப்புப்பா" என்று வாக்குக் கொடுத்திருந்தார். ரயில் தாமதமாக வந்திருக்கிறது. அவர் வாக்குத் தாமதமானதில்லை.

லோகன் எப்படிப்பட்டவன்? ஒன்பது வருஷத்தில் ஒரு நாள் பயிற்சிக்கு வராமல் இருந்ததில்லை. கல்யாணத்தன்று மட்டும் அரை மணி நேரம் பிந்தி, தலையில் அட்சதை அரிசியோடு வந்தான். பயிற்சி முடிந்து மற்றவர்கள் தேநீர் குடிக்க ஓடினாலும் இவன் ஓட மாட்டான். திடல் முழுக்கச் சிதறிக் கிடக்கும் பந்துகளை, கிடந்த இடத்திலிருந்தே ஒவ்வொன்றாக உதைத்து அந்தக் கோடியிலிருக்கும் வலைக்குள் போட்டுவிடுவான். ஒன்றுகூட வெளியே போகாது. பிறகு மூட்டையில் அள்ளுவது சுலபம்.

"அங்கிள், நான் வலைய விட்டு வெளிய வந்த பிறகு அடிக்கச் சொல்லுங்க லா," என்று கோல்கீப்பர் நூர் முகமது ஒருமுறை வந்து முறையிட்டான். "ஒண்ணு கையில பட்டு ரெண்டு நாளா சோறு பிசைய முடியல."

"பொறுப்பான பிள்ளை," என்று சிவேந்திரன் பெருமைப்பட்டுக்கொண்டார். "திடலைச் சுத்தம் பண்ணாமப் போக மாட்டான்."

ஆனால் இதைத் தாளில் எப்படி எழுதுவது? தலைவரின் மகள் விஷ்ணுப்ரியா பெட்டாலிங் ஜெயாவில் கணினிப் புள்ளிவிவரம் படிக்கிறாள். அவளையே கூப்பிட்டார். அடுத்த ஆட்டம் முழுக்க லோகனை மட்டும் பார்த்து, அவன் செய்வதையெல்லாம் எண்ணச் சொன்னார்.

ஆட்டம் முடிந்ததும் அவள் கைக்கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

"கோல் சுழி, அங்கிள். கீழ விழுந்தது சுழி. மஞ்சள் அட்டை சுழி. பந்தைப் பறிச்சது ரெண்டு. இவரோட ஜெர்சிய வீட்ல துவைக்கவே வேணாம்."

"அவன் சரியான இடத்துல நின்னா பந்து அந்தப் பக்கமே வராதும்மா. அதுதான் அவன் மதிப்பு."

"வராத பந்தை நான் எப்படி அங்கிள் எண்ணுறது?"

விஷ்ணுப்ரியா திரையின் ஓரத்தைச் சுட்டிக் காட்டினாள்.

"இன்னொண்ணு. தூரத்துல இருக்கிற கோலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது பதினொரு தடவை. அதுக்குக் கட்டம் இல்ல, சும்மா ஓரத்துல எழுதினேன்."

அந்த ஓரத்தைத்தான் தலைவர் முதலில் படித்தார். "மூச்சு வேற வாங்குதா, அண்ணே?"

சிவேந்திரன் விடவில்லை. இருப்பதன் அருமை இல்லாதபோதுதானே தெரியும்? அடுத்தது ஜெஞ்சாரோம் அணியோடு ஆட்டம். லோகனை வெளியே உட்கார வைத்துவிட்டால், இடது பக்கம் அணை உடைந்த மாதிரி ஆகும், நாலு கோல் வாங்குவோம், தலைவர் ஓடிவந்து லோகனின் காலைப் பிடிப்பார் என்று கணக்குப் போட்டார்.

"இன்னைக்கு நீ உட்காரு, லோகன்."

"சரி அங்கிள்," என்று அவன் உட்கார்ந்தான். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ஜெஞ்சாரோம்காரர்கள் ஒன்பது வருஷமாக லோகனிடம் முட்டி முட்டி ஓய்ந்தவர்கள். இடது பக்கம் போனால் வேலைக்காகாது என்பது அவர்கள் எலும்பிலேயே ஊறியிருந்தது. அங்கே இன்று லோகன் இருக்கிறானா, ஆடு மேய்கிறதா என்றுகூட யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பதினோரு பேரும் வலது பக்கமே வந்து நெரிசலில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். கடைசியில் அவர்கள் ஆள் ஒருவனின் தலையில் பட்ட பந்து, காவலுக்கு ஆளில்லாத அவர்கள் வலைக்குள்ளேயே உருண்டு போய் விழுந்தது. அந்தப் பருவத்தில் கழகத்துக்குக் கிடைத்த முதல் வெற்றி.

தலைவர் சிவேந்திரனைக் கட்டிப்பிடித்தார். "லோகன் உட்கார்ந்தா ஜெயிக்கிறோம். இதையும் தாள்ல எழுதுங்க, அண்ணே."

மிச்சமிருந்தது ஒரே ஆட்டம். சிவேந்திரன் லோகனை ஓரமாக அழைத்துப் போனார்.

"இன்னைக்குக் கொஞ்சம் கண்ணுல படுற மாதிரி ஆடுப்பா. கத்து. புரளு. சறுக்கிக்கிட்டுப் போய்ப் பந்தைப் பறி."

"எங்க சறுக்கணும் அங்கிள்?"

"தலைவர் உட்கார்ந்திருக்கிற பக்கமா."

சொன்னால் சொன்னதைச் செய்கிற பிள்ளை. காலையில் பெய்த மழையில் புல் எண்ணெய் தடவினாற்போல இருந்தது. லோகன் வாழ்க்கையில் முதல் முறையாகக் கத்திக்கொண்டே சறுக்கினான். பந்தைப் பறித்தான். கோடு காக்கிறவரின் கொடியைப் பறித்தான். அப்படியே போய், இடைவேளைக்காகக் கரைத்து வைத்திருந்த பண்டோங் ரோஜாப் பால் தொட்டியின் மேசைக்காலையும் பறித்தான்.

வெள்ளைச் சட்டையில் வந்திருந்த தலைவர், ரோஜா நிறத்தில் எழுந்து நின்றார். சட்டைப் பையில் இரண்டு ஐஸ் கட்டிகள்.

லோகன் எழுந்து, கால்சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, சிவேந்திரனைப் பார்த்துக் கேட்டான்: "போதுமா அங்கிள்?"

போதும் போதுமென்றாகிவிட்டது.

இருந்தாலும் யுகேந்திரன் நல்ல மனிதர். "ஒன்பது வருஷம் ஆடினவர போன்ல அனுப்பக் கூடாது. நேர்ல போய்ச் சொல்லுவோம்," என்றார். மறுநாள் காலை இருவரும் கிள்ளானில் லோகனின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஐந்து மாடி ஏறுவதற்குள் சிவேந்திரனின் சட்டைப் பையிலிருந்த தாள் வியர்வையில் நனைந்துபோனது. வாக்குத் தவறிய மனிதனுக்குப் படிகள் சற்று உயரமாகத்தான் இருக்கும்.

"வாங்க அங்கிள், வாங்க பாஸ்," என்று லோகன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். ரமணி தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பலகாரம் எடுக்க உள்ளே போனாள். அலமாரியில் நாலைந்து பழைய பரிசுக் கோப்பைகள், தூசியில்லாமல் பளபளவென்று இருந்தன. பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயமாக இருக்கும் என்று சிவேந்திரன் நினைத்துக்கொண்டார்.

"தாளைக் குடுங்க, அண்ணே," என்றார் தலைவர்.

சிவேந்திரன் எடுத்து நீட்டினார். அதில் ஒரே வரி இருந்தது. அதை எழுத அவருக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது.

*நில் என்று சொன்ன இடத்தில் நிற்பான்.*

யுகேந்திரன் இரண்டு முறை படித்தார். மூக்கை உறிஞ்சினார். தாளை மடித்து, பண்டோங் கறை போகாத கைக்கடிகாரத்தின் மேல் ஒருமுறை தட்டிக்கொண்டார்.

"பொய்யில்ல, லோகன். உங்கள மாதிரி ஆளு லோரி கம்பெனிக்குக் கிடைச்சா நான் கோயில் கட்டுவேன். ஆனா டீமுக்கு இப்ப வேண்டியது கோல் அடிக்கிற ஆளு. தப்பா நினைக்காதீங்க."

"சரி பாஸ்," என்றான் லோகன்.

"என்னை மன்னிச்சிடுப்பா," என்றார் சிவேந்திரன். "உனக்கு வாக்குக் கொடுத்தேன்."

"பரவால்ல அங்கிள். தே ஆறுது, குடிங்க."

பலகாரத் தட்டோடு வந்து நின்றிருந்த ரமணி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கறிபாப் தட்டை அந்தக் கோப்பைகளின் பக்கத்தில் வைத்துவிட்டு, சாவகாசமாகச் சொன்னாள்:

"கோல் அடிக்கத்தானே அங்கிள் இவரு உங்ககிட்ட வந்தாரு? மொத நாளு லெஃப்ட் பேக் வரல, இன்னைக்கு மட்டும் அங்க நில்லுன்னு நீங்க சொன்னீங்களாம். முன்னால வான்னு கூப்பிடுவீங்கன்னு ஒன்பது வருஷமா நிக்கிறாரு."

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டிலும் நில் என்ற இடத்தில் நிற்கிறவர் ஒருவர் இருந்தால், அவரை முன்னால் கூப்பிடுகிற நாள் சீக்கிரம் வரட்டும். உங்கள் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். வாசலில் எப்போதும் செருப்புகள் நிறையக் கிடக்கட்டும்.