சரயேவோவுக்கு வந்த விருந்தாளி

ஷெஃபிகாவுக்கு நடந்தது அநியாயம். கல்யாணமான புதிதில் கடல் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்த கணவர் ஹைருதின், பிள்ளைகள் வளர்ந்து ஜெர்மனிக்கு வேலைக்குப் போன பிறகும் அந்த வாக்கைக் கோடைக்குக் கோடை தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு கோடையில் கூரை ஒழுகியது. கோடையில் கூரை எப்படி ஒழுகும் என்று கேட்கக் கூடாது. கணவர் சொன்னால் ஒழுகும். மறு கோடையில் முழங்கால் வலி. அதற்கடுத்ததில் பிளம் மரம் காய்த்துத் தொலைத்தது. பறிக்க ஆள் வேண்டாமா?

இந்தக் கோடைக்குக் காரணம் எதுவும் அகப்படவில்லை. ஆகவே ஹைருதின் ஒரு தத்துவத்தோடு வந்தார்.

"கடல்ல என்னடி இருக்கு? உப்புத்தண்ணி. நம்ம சரயேவோவைப் பார்க்க உலகமே பெட்டியைத் தூக்கிட்டு வருது. நீ ஒரு நாளாவது வெளியூர்க்காரி மாதிரி இந்த ஊரைப் பார்த்திருக்கியா?"

"இல்லைங்க."

"பாரு. ஆளே மாறிடுவே."

"சரிங்க."

இவ்வளவு சுலபமாக வந்த 'சரி'க்கு எந்தக் கணவனும் நடுங்கியிருக்க வேண்டும். ஹைருதின் குறட்டை விட்டார்.

மறுநாள் காலை யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், பெட்டியும் தொப்பியுமாக ஷெஃபிகா.

"வணக்கம். நான் வெளியூர். தங்க இடம் கிடைக்குமா?"

ஹைருதினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தாராளமா. உள்ளே வாங்கம்மா."

அந்த 'வாங்கம்மா'வில்தான் மனிதர் கெட்டார். வாசலுக்கு வந்த விருந்தாளியை உள்ளே அழைத்துவிட்டு, பிறகு போ என்பது அந்த மலைச்சரிவுத் தெருவில் யாரும் செய்யாத காரியம். விருந்தாளி அடுப்பைத் தொடலாமா? கூடாது. தட்டைக் கழுவ விடலாமா? விட்டால் வீட்டுக்கே அவமானம். கட்டில் விருந்தாளிக்கு. கூடத்துச் சோபா, காலை நீட்டினால் தொங்கும் சோபா, வீட்டுக்காரருக்கு.

"வீட்டுக்காரரே, காலைக்கு என்ன?"

"ரொட்டி இருக்கு."

"நேத்து ரொட்டியா? உங்க ஊர் உபசாரத்தை வெளியூர்ல அப்படிப் புகழ்றாங்களே."

ஹைருதின் மலையிறங்கி ஓடி, மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட சூடான பூரெக் வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க மலையேறி வந்தார். விருந்தாளி சாப்பிட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினாள். அவர் உருளைக்கிழங்கு உரித்தார்.

சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது கண்ணில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஆத்து மேல ஒரு பாலம் இருக்குங்க. அதுல ரொம்ப நேரம் நின்னா தண்ணி நின்னுடுது, பாலம் நகருது. செம்புப் பாத்திரம் தட்டற சந்துல நடந்தேன். மழையைச் சுத்தியலால அடிச்சு மெலிசாக்கற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் கோட்டை மேல உட்கார்ந்தேன். கீழே பாங்கு சொன்னாங்க, கூடவே சர்ச் மணி. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு வழிவிட்டு மேல வந்துச்சு. அப்புறம் வீடுங்கள்ல விளக்கு. யாரோ ஒவ்வொரு வீடா ஞாபகம் பண்ணிக்கற மாதிரி."

ஹைருதின் கரண்டியும் கையுமாக நின்று கேட்டார். அப்படிப்பட்ட ஊருக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று அவருக்கே ஆசை வந்தது. கூடவே தீய்ந்த வாசனையும் வந்தது. சூப் அடிப்பிடித்திருந்தது.

ஒரு நாள் கூத்து ஒரு வாரமாக நீண்டது. பக்கத்து வீட்டு ஃபதிலா வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"என்ன ஹைரோ அண்ணே, துணி காயப்போடறீங்க?"

"விருந்தாளி வந்திருக்கு."

"ஷெஃபிகா எங்கே?"

"அவதான் விருந்தாளி."

ஃபதிலா இதை மென்று விழுங்கக் கொஞ்சம் நேரமாயிற்று. "அப்போ போகச் சொல்ல வேண்டியதுதானே?"

"விருந்தாளியை எப்படிம்மா போகச் சொல்றது?"

"மூணாவது காப்பியைப் போடுங்க."

ஹைருதினுக்கு உயிர் வந்தது. வந்தவர்களுக்கு வரவேற்க ஒரு காப்பி, உட்கார்ந்து பேச ஒரு காப்பி. மூன்றாவது வந்தால், வாசலில் செருப்பைத் தேடு என்று அர்த்தம். வாயால் சொல்ல வேண்டியதே இல்லை. சரயேவோவில் பால் மறக்காத குழந்தைக்கும் இது தெரியும்.

அன்று மாலை முதல் காப்பி கொடுத்தார். இரண்டாவதும் கொடுத்தார். பள்ளத்தாக்கில் விளக்குகள் ஏறத் தொடங்கியிருந்தன. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்போல இருந்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு மூன்றாவதை வைத்தார்.

ஷெஃபிகா சர்க்கரைக் கட்டியை நனைத்துக் கடித்து, சொட்டு விடாமல் குடித்தாள்.

"ரொம்ப நல்லாயிருக்கு. இன்னொண்ணு கொண்டாங்க."

"அம்மா, இது மூணாவது."

"எண்ணிக்கிட்டுத்தான் குடிக்கறேன்."

"எங்க ஊர்ல மூணாவதுக்கு ஒரு அர்த்தம் உண்டு."

"எங்க ஊர்ல இல்லையே."

"அப்படி எந்த ஊரும்மா உங்க ஊரு?"

ஷெஃபிகா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கடலோரம். டிக்கெட் எடுத்துக் கொடுங்க, காலையிலேயே கிளம்பிடறேன். ஒண்ணு போதும்."