ஓடைப்பாலமும் என் பணிவும்

அபா நகரில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைக்கும் அன்புத் தம்பி இபேவுக்கு, கடவுள் உன் தூரிகையைக் காயவிடாமல் காக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு அண்ணன் மடுகா எழுதுவது. நானும் உன் அண்ணியும் பெருவள்ளிக் கொடிகளும் நலம். நலமில்லாமல் இருந்தது ஓடைப்பாலம்தான்.

மழையில் பாலம் போய்விட்டது. நம் மகள் கெலேச்சியைப் பெண் கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டார் அக்கரையில் பனங்கள்ளோடு நிற்க, கள் புளித்தது, உன் அண்ணி என்னைப் பார்த்த பார்வை அதைவிடப் புளித்தது. பாலம் கட்ட ஊர்க்கூட்டம் கூட வேண்டும். கூட்டம் தொடங்க ஊரில் மூத்தவர் கோலாக்கொட்டையை வாழ்த்தி உடைக்கக் கொடுக்க வேண்டும். மூத்தவர் நானா ஒகோரியா என்று சண்டை போட்டே எங்கள் இருவர் தலையும் நரைத்தது உனக்குத் தெரியும். போன ஞாயிறு கோயிலில் உபதேசியார், "தலைக்கனத்த எறக்கி வையுங்கய்யா, ஊரு தானா நிமிரும்" என்று கெஞ்சினார். மகளுக்காக நானும் இறக்கி வைத்தேன். ஊர்க்கூட்டத்தில் கோலாத் தட்டு வந்ததும், "ஒகோரி அண்ணே, நீங்கதான் மூத்தவரு, எடுங்க" என்றேன். சொல்லும்போது நெஞ்சு வலித்தது தம்பி. அந்தப் பாவியும் அதே பிரசங்கத்தைக் கேட்டவன் அல்லவா? "சேச்சே, நீங்க நடக்கயில நான் தொட்டில்ல கெடந்தேன், மடுகா அண்ணே!" என்றான். "நீங்க நடக்கயில நான் பொறக்கவே இல்ல!" என்றேன். "எங்கம்மாவே அப்பப் பொறக்கல!" என்றான். தட்டு அங்கும் இங்கும் போய்க்கொண்டேயிருக்க, நடுவில் நுழைந்த என் கிடா கோலாவை மென்று விழுங்கிவிட்டது.

"பெரியவரு சாப்ட்டாச்சு, கோடாலிய எடுங்கடா!" என்று இளவட்டங்கள் எழுந்து போய்விட்டார்கள். பொழுது சாய்வதற்குள் பாலம் நின்றது. நானும் ஒகோரியும் ஒரே மரத்தின் இரு முனையைச் சுமந்தோம். பிறகு பாலத்தில் முதலில் நடப்பது யார் என்று வந்தது. "நீங்க போங்கண்ணே", "அட, நீங்க போங்கண்ணே" என்று ஒருவரையொருவர் தள்ளி இருவருமே ஓடையில் விழுந்தோம். இடுப்பளவு தண்ணீரில் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தோம். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் தலைக்கு மேலே நடந்து வந்தார்கள். 'நான்' போனால் ஊருக்கே பாலம் வந்துவிடுகிறது, தம்பி. இனி எனக்கு முதலிடமும் வேண்டாம், பெயரும் வேண்டாம்.

உன் பிள்ளைகள் கொடிபோல் படர ஆசி கூறும்,
அண்ணன் மடுகா

பி.கு.: முதலில் விட்டுக்கொடுத்தது தான்தான் என்று ஒகோரி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறானாம். என்னைவிட மூத்தவன் என்றால்கூடப் பொறுப்பேன். என்னைவிடப் பணிவானவன் என்றால் எப்படிப் பொறுப்பது? பாலத்துக்கு உடனே ஒரு பலகை எழுதி அனுப்பு: 'ஊரிலேயே மிகப் பணிவானவர் மடுகா'. எழுத்து அக்கரையிலிருந்தும் தெரிய வேண்டும். அது வரும்வரை யாரும் நடக்காதபடி பாலத்தின் நடுக்கட்டைகளைக் கழற்றி என் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் இக்கரையில் மாட்டிக்கொண்டு என் கிழங்கையெல்லாம் தின்று தீர்க்கிறார்கள். சீக்கிரம் எழுது.