வலது கைக் கட்டு

இந்த வாரம் மலையேறி வரும் ஜெயசுதா திரும்ப இறங்கவே கூடாது. பூபதி இந்த மாபெரும் முடிவை எடுத்தது, அடிப்பிடித்த உப்புமாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது.

பெண்டாட்டி சேலத்துக்குப் போய்ச் சமையல் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து மலைமேலுள்ள வளப்பூர் நாட்டு ஊர்களில் அவனைப் போல அநாதை வேறு யாருமில்லை. சனிக்கிழமை மத்தியானம் வருவாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்விடுவாள். படித்து முடித்து செம்மேட்டில் ஒரு மெஸ் போட வேண்டும் என்பது அவள் கனவு. அவன் கனவு ரொம்பச் சின்னது. சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து "இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று அவள் சொன்னால் போதும். ஏக்கம் தாங்காமல் மிளகுக் கொடியிடம்கூட இரண்டு வார்த்தை பேசிப் பார்த்தான். அது பதில் சொல்லவில்லை. டீக்கடை தனபால் சொன்னார்.

"கையில ஒரு கட்டப் போட்டுட்டு உக்காரு பூபதி. புருசன் தனியாச் சமைச்சுக் கைய அறுத்துக்கிட்டான்னா, எவளுக்கு உட்டுட்டுப் போக மனசு வரும்?"

"எந்தக் கையிலண்ணா?"

"கத்தி பிடிக்கறது எந்தக் கை?"

"வலது."

"அப்ப வலதுதான். சோத்துக்கை வேற. அவளே ஊட்டி உடுவா!"

ஊட்டி விடுவாள் என்றதும் பூபதிக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே கையை நீட்டினான். தனபால் விரலில் துணியைச் சுற்றி, ரத்தத்துக்குத் தக்காளிச் சாறு இரண்டு சொட்டு விட்டார்.

ஜெயசுதா தோளில் கத்திப் பையோடு வந்தாள். கட்டைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டாள்.

"ஐயோ, என்னுங்க இது?"

"ஒண்ணுமில்ல கண்ணு. கேரட் வெட்டறப்ப..."

அவன் எதிர்பார்த்ததெல்லாம் நடந்தது. தட்டில் சோறு வந்தது. பக்கத்தில் அவள் வந்தாள். உருண்டை பிடித்து வாயருகே நீட்டினாள். பூபதி கண்ணை மூடிக்கொண்டு மென்றான். இப்படியே காலம் நின்றுவிடக் கூடாதா என்றிருந்தது.

"நீ போயிட்டா மறுக்கா அறுத்துக்குவேனோன்னு பயமா இருக்குது கண்ணு."

"எனக்கும் பயந்தானுங்க. எப்படி அறுத்துச்சு? செஞ்சு காட்டுங்க பாக்கலாம்."

பூபதி உற்சாகமாக இடது கையில் கேரட்டைப் பிடித்தான். கட்டுப்போட்ட வலது கையில் கத்தியை எடுத்தான். கத்தியை ஓங்கி, "ஆ!" என்று வலது கையை உதறினான். நடிப்பு அவனுக்கே திருப்தியாக இருந்தது.

ஜெயசுதா கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு இன்னொரு உருண்டை பிடித்தாள்.

மறுநாள் காலையில் கல்லூரியில் பாடம் எடுக்கும் மேடத்துக்குப் போன் போட்டாள்.

"மேடம், எங்க ஊட்டுக்காரருக்கும் ஒரு எடம் வேணுமுங்க. கத்தி பிடிக்கவே தெரியலீங்க. சனிக்கெழமயே அனுப்பி வெக்கறேனுங்க."

பூபதிக்குத் தலைகால் புரியவில்லை. "நானுமா? அங்கயேவா?"

"அதே காலேஜு, அதே மேடம், அதே மேசைங்க. நாளைக்கு மெஸ்ஸுக்கு வெங்காயம் வெட்ட ஆள் தேட வேண்டியதில்லீல்ல?"

இவளை மேலே நிறுத்தப் பார்த்தால், இவனே கீழே போய்ச் சேரப் போகிறான்! எதுவானால் என்ன, பக்கத்தில் இருந்தால் சரி. ஆர்வத்தில் கட்டைப் பிடுங்கி எறிந்தான்.

"அதுக்குள்ள ஆறிடுச்சுங்களா?"

"அது... ஆறிடுச்சு கண்ணு."

"கத்தி பிடிச்ச கைய அதே கத்தி எப்படீங்க அறுக்கும்? காய் பிடிக்கற கையத்தானுங்க அறுக்கும். அதுக்குத்தான் விரல மடக்கி வெச்சுக்கணும்னு மொதப் பாடமே. எங்க கிளாஸ்ல எல்லாத்துக்கும் இடது கையிலதான் பிளாஸ்திரி!"

பூபதியின் முகம் தக்காளியாகிவிட்டது. "தெரிஞ்சுமா ஊட்டி உட்ட?"

"எனக்கு மட்டும் ஆசை இருக்காதாக்கும்?" என்றாள் அவள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவன் வாரம் முழுக்க உப்புமாவைச் சிரித்தபடி தின்றான்.

சனிக்கிழமை காலை தேய்த்த சட்டை, பவுடர் பூசிய முகம், கையில் புதுக் கத்தி. பஸ் மலையிறங்கும்போதே மேசையில் அவளுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று யோசித்துக்கொண்டிருந்தான். ஒரு கொண்டை ஊசி வளைவில், மேலே ஏறும் பஸ்ஸுக்கு வழிவிட வண்டி ஓரமாக நின்றது. எதிர் பஸ் உரசுகிற மாதிரி மெல்ல வந்தது. அதன் ஜன்னலில் ஜெயசுதா.

"நீ என்ன கண்ணு மேல போற? கிளாஸு?"

"உங்களுது சனி ஞாயிறு பேட்ச்சுங்க! எனக்கு இன்னைக்கு லீவு!"

"அப்ப நாம எப்பப் பாத்துக்கறது?"

"இப்பப் பாத்துக்கிட்டுத்தானுங்களே இருக்கறோம்!"

இரண்டு பஸ்ஸும் சேர்ந்து சிரித்தன. ஜெயசுதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவனுக்குத் தெரியவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார்.

"உங்களுக்குப் பலாக்கொட்டைக் கொழம்பு வெச்சுட்டுத்தானுங்க எறங்குவேன். நாளைக்கு ராத்திரி வந்து சாப்பிடுங்க!"

பூபதி பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கத்தினான். "ஆரு கண்ணு ஊட்டி உடுவா?"

"அதான் வலது கை நல்லாயிடுச்சுங்களே!"