மொட்டை மாடிக் குடையும் முப்பத்தொரு கேள்வியும்

அன்புள்ள பெரியண்ணாவுக்கு, தங்கை வணங்கி எழுதுவது. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரரான உங்கள் மாப்பிள்ளை, அவருடைய தட்டச்சர், இளவயது விமானி ஒருவர், கதவோரம் நான். ஆக நான்கு பேர். கடவுளையும் சேர்த்தால் ஐந்து. அவர் கிருபையில் விமானியைத் தவிர எல்லோரும் சுகம்.

வானத்தில் இன்னதென்று தெரியாமல் எது தென்பட்டாலும், அது விமானத்துக்கு ஆபத்தா என்று ஆராய்வதுதான் முப்பது வருஷமாக உங்கள் மாப்பிள்ளையின் உத்தியோகம். விமான நிலையக் கோபுரத்தில் அதிகாரியாக இருக்கும் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பலூன், வெள்ளிக் கிரகம், பறவைக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் விடை கண்டவருக்கு இது மட்டும் பிடிபடவில்லை: விமானம் இறங்கும்போது எங்கள் பேட்டைக்கு மேல் ஓர் ஒளி வட்டம். மூன்று விமானிகள் பார்த்திருக்கிறார்கள். முதலில் வாய்திறந்த பாவத்துக்கு இந்தப் பிள்ளையை மூளைக் கோளாறு என்று பறக்கவிடாமல் உட்காரவைத்துவிட்டார்கள்.

"என்னையே பாத்துத் திரும்புச்சு சார்," என்றார், அழாத குறையாக.

"பதினொண்ணே காலுக்கு வருது, கால் மணிக்கு ஒருதரம் திசை மாறுது, பன்னிரண்டு அடிச்சா காணாமப் போகுது. அறிவுள்ள ஏதோ ஒண்ணுதான்!" என்று உங்கள் மாப்பிள்ளை மேசையைத் தட்டினார்.

அந்த அறிவுள்ள ஒன்று நான்தான் அண்ணா. நூலகப் புத்தகத்தைப் பார்த்து, பழைய பெரிய குடைக்குள் வெள்ளித்தாள் ஒட்டி, மாடியில் வெயிலடுப்பு செய்திருக்கிறேன், பதினொன்றே காலுக்குப் பயறு ஏற்றுவேன், கால் மணிக்கொருதரம் சூரியன் பக்கம் திருப்புவேன், பன்னிரண்டுக்குப் பிரார்த்தனை என்பதால் மடக்கிவிடுவேன், எல்லாம் என் சமையல் நோட்டில் தேதிவாரியாக இருக்கிறது, அவர் கோப்போடு ஒத்துப் பார்த்தேன், ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை. அந்தப் பயறைத்தான் "இப்பல்லாம் தனி ருசியா இருக்கே" என்று தின்றுவிட்டு மர்மத்தைத் தேடிப் போகிறார்.

சொன்னால் இவர் மனசு உடைந்துபோகும்; சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் பிழைப்பு போகும். ஆகையால் என் பேர் வெளியே வராமல் நீங்களே ஏதாவது சொல்லி விமானியைப் பறக்கவிடுங்கள். அண்ணிக்கு அன்பு. பிள்ளைகளைக் கடவுள் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். மனசு கேட்காமல் இன்று விமானியையும் வரவழைத்து, இருவருக்கும் குடையை விரித்துக் காட்டிவிட்டேன்.

"இதேதான் அக்கா! இதேதான்!" என்று விமானி குதித்தார்.

உங்கள் மாப்பிள்ளை என்னை நாற்காலியில் உட்காரவைத்து முப்பத்தொரு கேள்வி கேட்டார். முதல் கேள்வி, "உங்க பேரு என்னம்மா?" கடைசியில் எழுதிக்கொண்டது: "சாட்சி, ஆய்வாளரின் மனைவி. உறவினர் வாக்குமூலம் விதிப்படி செல்லாது."

"ஏங்க, குடை உங்களுக்கு என்ன உறவு?"

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"சரி, எங்க பெரியண்ணன் வந்து பாக்கட்டும்."

"மச்சானும் உறவுதானே!"

ஆகவே கோபுரத்திலிருந்து எங்களுக்கு உறவே இல்லாத ஒருவரை, பன்னிரண்டு மணிக்கு முன்னால் வந்து பார்க்கும்படி அனுப்புங்கள். எந்தத் தேதி என்று சீக்கிரம் பதில் எழுதுங்கள்.