முதுகில் ஒரு இஸ்திரித் தடம்

வெள்ளைக் கவுனின் முதுகில், இஸ்திரிப் பெட்டியின் அச்சு பழுப்பாக விழுந்திருந்தது. பாலே நடனக் குழுவின் தையல்காரர் அதைச் சட்டென்று சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார். நேற்று மாலை ஆறு கவுனுக்கும் இஸ்திரி போட்டவர் அவர்தான். இன்று மாலை முதல் ஆட்டம். ஆட்டம் எதைப் பற்றியது என்று அவர் கேட்டதே இல்லை. ஆடுகிறவர்களின் அளவு தெரிந்தால் போதும் என்பது அவர் கொள்கை. முன்பிருந்த தையல்காரரை ஒரே ஒரு கொக்கி அறுந்ததற்காக வீட்டுக்கு அனுப்பியவர் டைரக்டர் அம்மா.

“கதவைத் தாழ் போடு,” என்றார், கூடவே வேலை பார்க்கும் மனைவியிடம்.

“பேசாம அம்மாகிட்ட சொல்லிடுங்களேன்.”

“சொல்லிட்டு? நாளைக்கு ரெண்டு பேரும் எங்க போய் நிக்கிறது?”

எலுமிச்சம்பழத்தை வைத்துத் தேய்த்தார். தடம் போகவில்லை. சுற்றிலும் மஞ்சள் படர்ந்ததுதான் மிச்சம்.

கதவு தட்டப்பட்டது.

“டைலர்! அந்த வெள்ளைக் கவுனைப் பாத்தீங்களா?”

டைரக்டர் அம்மாவேதான். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். காலடிச் சத்தம் விலகிப் போனது.

“தெரிஞ்சுபோச்சு,” என்றார் தையல்காரர்.

கறையை வெட்டி எறிந்து, கவுனின் அடியிலிருந்தே துணி எடுத்து ஒட்டுப் போட்டார். ஒட்டு கச்சிதம். கணுக்காலில் இருந்த கவுன்தான் முழங்காலுக்கு ஏறிவிட்டது.

“ஏங்க, ஆறு பேரும் ஒரே மாதிரி போட்டுக்கணும். ஒருத்திக்கு மட்டும் குட்டையா இருந்தா?”

மனைவி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மற்ற ஐந்தையும் எடுத்துப் போட்டு வெட்டினார். அவசரத்தில் கத்தரி நேராகப் போகுமா? ஒன்று ஏறியது, ஒன்று இறங்கியது. சரிசெய்யச் சரிசெய்ய ஆறும் தொடைக்கு வந்துவிட்டன.

“இன்னும் வெட்டினா சட்டைதாங்க மிஞ்சும்!”

செல்போன் அலறியது. அம்மாதான். துணிக்குவியலுக்குள் அதைப் புதைத்தார். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம்தான் இருந்தது.

மறுபடியும் கதவு தட்டல்.

“அண்ணே, நான்தான், லைட்மேன்.”

தையல்காரர் ஒரு விரற்கடை மட்டும் திறந்தார்.

“அம்மா ரொம்பக் கோவமா இருக்காங்களா?”

“கோவமா? எதுக்கு? காலைலேருந்து உங்களைத் தேடுறாங்க. எரியுற வீட்டுலேருந்து தப்பிச்சு ஓடிவர்ற ஆறு பொண்ணுங்க கதையாச்சே, அதான் நேத்து ராத்திரி மாதிரிக்கு ஒரு கவுனைத் தன் கையாலயே சுட்டு வெச்சிருக்காங்களாம். அதைப் பாத்து மத்த அஞ்சையும் அதே மாதிரி நீங்க சுட்டுத் தரணுமாம்.”